கல்கிசை மாளிகைக்கும் ஒரு சுற்றுலா: வரலாற்று ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

கல்விச் சுற்றுலா என்றால் சீகிரியா, கண்டி, நுவரெலியா, திரும்பி வரும் வழியில் பின்னவல யானைகள். ஏறக்குறைய எல்லாப் பாடசாலைகளிலும் பட்டியல் இதுதான். அந்த இடங்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவற்றோடு ஓர் அரை நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பஸ் பேச வேண்டாம், விடியப்புறம் மூன்று மணிக்குப் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம், வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு யன்னலோர இருக்கை தேட வேண்டாம். வெள்ளவத்தையில் கோச்சி ஏறினால் அடுத்தது தெகிவளை, அதற்கடுத்தது கல்கிசை. இறங்கிக் கடற்கரைக்கு வந்தால் பாறைமுனையின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம் தெரியும். இன்று அது ஹோட்டல். ஒரு காலத்தில் இலங்கையை ஆண்ட பிரித்தானிய ஆளுநர்களின் கடற்கரை மாளிகை.

அந்த மாளிகையைப் பற்றி நம் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே ஒரு கதை. ஆளுநர் தோமஸ் மெயிட்லண்ட் ஒரு விருந்தில் லொவினா என்ற நடனப் பெண்ணைக் கண்டு மயங்கினாராம். அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து மாளிகையின் வைன் நிலவறை வரை சுரங்கம் வெட்டினாராம். இரவில் அந்த வழியால் அவள் வந்து போனாளாம். நல்ல கதைதான். கல்யாணப் படம் எடுக்க வருகிறவர்களுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. எட்டாம் தரத்தில் படிக்கும் என் மகளிடம் கல்கிசையைப் பற்றிக் கேட்டேன். கிணறு, சுரங்கம், நடனம் எல்லாம் மடமடவென்று வந்தது. அந்த ஆளுநர் இந்த நாட்டில் என்ன செய்தார் என்று கேட்டதற்கு, "லவ் பண்ணினார்" என்றாள்.

சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவளில் பிழையில்லை. ஆட்சி செய்தவரைக் காதலராக்கிவிட்டால் ஆட்சியைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. சுரங்கம் உண்டா இல்லையா என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. நான் உங்களிடம் கேட்பது, சுரங்கத்தை ஓர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, அந்த வீட்டில் இருந்த இரண்டு பேரைப் பற்றிப் பிள்ளைகளோடு கதையுங்கள் என்பதுதான். இரண்டு பேருமே நம் குடும்பங்களோடு சம்பந்தப்பட்டவர்கள்.

முதலாமவர் அதே மெயிட்லண்ட். 1805 முதல் 1811 வரை ஆளுநர். இங்கே வருவதற்கு முன் இன்றைய ஹெயிட்டியில், அடிமைகளின் புரட்சியை வழிநடத்திய தூஸன் லூவெர்த்தூரோடு பேச்சுவார்த்தை நடத்திப் பிரித்தானியப் படையை அங்கிருந்து வெளியே எடுத்தவர். இங்கிருந்து போன பிறகு மோல்ற்றாவை ஆண்டவர். கல்கிசையில் அவர் வீடு கட்டியது 1806இல் என்று சொல்வார்கள். அதே 1806இல்தான் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு அவருடைய அரசாங்கம் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் சட்ட வலுக் கொடுத்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி சொன்ன ஏடு அது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) என்று வெள்ளவத்தை மாடிவீடுகளில் இன்றும் அடிபடும் சொற்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. தேசவழமைக்கு உட்பட்ட ஒரு பெண், தன் பெயரில் உள்ள காணியை விற்கப் புருஷனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டி நொத்தாரிசு முன்னால் நிற்கிறாளே, அந்த நிலைமையின் வேரைத் தேடிப் போனால் இந்த 1806ஐத் தாண்டாமல் போக முடியாது.

அது மட்டுமில்லை. முஸ்லிம்களின் திருமண, வாரிசுரிமை வழக்கங்கள் சட்டக் கோவையாக வெளிவந்ததும் அதே ஆண்டில். ஒல்லாந்தர் கத்தோலிக்கர் மேல் சுமத்தியிருந்த தடைகள் நீக்கப்பட்டதும் அதே ஆண்டில். கொட்டாஞ்சேனையிலோ கொம்பனித்தெருவிலோ உங்கள் வகுப்பில் இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள். மூன்று பேரின் வீட்டிலும் இந்த மனிதரின் கை பட்டிருக்கிறது. கல்கிசைக் கடலைப் பார்த்துக்கொண்டு கையெழுத்து வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு 1806 என்ற ஆண்டு மனதில் நிற்க, கண்ணால் பார்க்க ஒரு வீடு இருந்தால் உதவும். புதிதாகப் பிடித்த நாட்டில் குழப்பமில்லாமல் வரி வாங்க வேண்டுமானால் அந்தந்தச் சனத்தின் வழக்கத்தை அறிந்து எழுத்தில் வைப்பது நல்ல உபாயம். அதை நமக்குச் செய்த உபகாரம் என்று படிப்பிப்பதா, ஆட்சித் தந்திரம் என்று படிப்பிப்பதா என்பதை உங்களிடமே விடுகிறேன். என்னைக் கேட்டால் இரண்டும்தான் என்பேன்.

இரண்டாமவர் எட்வர்ட் பார்ன்ஸ். இவரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

வாட்டர்லூ போரில் காயப்பட்ட படைத்தளபதி. 1820 முதல் 1822 வரை பதில் ஆளுநர், 1824 முதல் 1831 வரை ஆளுநர். மெயிட்லண்ட் விட்டுப்போன வீடு இவருக்குப் போதவில்லை. அதைப் பெருப்பித்து மாளிகையாக்கியவர் இவர்தான். செலவைப் பார்த்து லண்டன் முகம் சுளித்தது. கடைசியில் 1842இல், அவர் கட்டிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே, அரசாங்கம் அதை விற்றுத் தலைமுழுகியது.

இவரைப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. கண்டிச் சுற்றுலாவில் கடுகண்ணாவையில் பஸ் மெதுவாகும்போது துளைத்த பாறையையும் டோசன் கோபுரத்தையும் காட்டுகிறீர்கள் இல்லையா? அந்த வீதி பார்ன்ஸ் போட்டது. கப்டன் டோசன் அந்த வேலையில் இருந்த பொறியியலாளர். டோசனுக்குக் கோபுரம் இருக்கிறது, பார்ன்ஸுக்குக் கோட்டையில் சிலை இருக்கிறது. பெருந்தெருக்களின் தூரத்தை அந்தச் சிலையிலிருந்துதான் அளந்தார்கள். பாறையை உடைத்தவர்கள் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்துக்கு இழுத்து வரப்பட்ட சிங்களக் குடியானவர்கள். அவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. இராஜகாரியம் 1832இல்தான் ஒழிந்தது, பார்ன்ஸ் போன பிறகு. ஆட்சியை விசாரிக்க லண்டன் அனுப்பிய கோல்புறூக் ஆணைக்குழு அதை ஒழிக்கச் சொன்னபோது பார்ன்ஸுக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீதி போட்டது எதற்கு? படை போக, முதலில். பிறகு கோப்பி இறங்க. கோப்பிக்கு ஏற்றுமதி வரியை எடுத்தவர் பார்ன்ஸ். கோப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இராஜகாரியத்திலிருந்து விலக்குக் கொடுத்தவரும் அவர். பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் 1825இல் தனக்கென்றே கோப்பித் தோட்டம் போட்டவரும் அவர்தான். ஆளுநர் துரையே தோட்டத் துரையானால் மற்ற உத்தியோகத்தர்கள் சும்மா இருப்பார்களா? சிவில் சேவைக்காரர், இராணுவத்தார், நீதிபதிகள் என்று எல்லோரும் காணி வாங்கினார்கள். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஆள் கடலுக்கு அந்தப் பக்கம், பஞ்சத்தில் இருந்த தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, ஆள் கூட்டி வந்த கங்காணியின் பின்னால் வடக்கு வீதிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியில் செத்தவர்களை வழியிலேயே விட்டு விட்டு நடந்தார்கள். 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு மலையக மக்கள் இருநூறு ஆண்டைக் கணக்கிட்டு, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்து காட்டினார்களே, அந்த நடையின் தொடக்கம் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டால், தலைமன்னார் என்பது பாதிப் பதில். கல்கிசையும் பதிலில் வர வேண்டும்.

என் தாத்தா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பேர் பதிந்து வேலை செய்தவர். ஆகவே இது எனக்குப் புத்தக விஷயமில்லை. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிற மலையகத்தாரின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிறைய இருக்கிறார்கள். ஊர் எது என்று கேட்டால் சிலர் வாய்க்குள் முணுமுணுப்பார்கள். அவர்களை அந்த மாளிகையின் முன்னால் நிறுத்தி, "இந்த வீட்டுக்காரர் தொடங்கிய காரியத்தில்தான் உன் குடும்பம் இந்த நாட்டுக்கு வந்தது" என்று ஒரு ஆசிரியர் சொல்வதற்கும், பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியை வாசிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு சின்ன வேலையும் கொடுக்கலாம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவின் (அறையின்) வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி. ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு அந்த அளவை முதலில் பாடசாலை விளையாட்டிடத்தில் சுண்ணாம்பால் கோடு கீறுங்கள். ஒரு முழுக் குடும்பம், அடுப்பு, நனைந்த துணி, கைப்பிள்ளை எல்லாம் அதற்குள். பிறகு கல்கிசையில் கடலைப் பார்த்திருக்கும் அந்த முகப்பைக் காட்டி, எத்தனை காம்பரா இதற்குள் அடங்கும் என்று கேளுங்கள். கணிதப் பாட ஆசிரியரும் கூட வந்தால் நல்லது. லயங்கள் பார்ன்ஸ் காலத்துக்குப் பிந்தியவை என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மறிக்கும். மறித்தால் அதற்கு ஒரு சொக்லேட் கொடுங்கள்.

இனிப் பூந்தோட்டம். மாளிகையைப் பற்றிய பேச்சில் மரஞ்செடிகளை யாரும் எடுப்பதில்லை, எனக்கு அதுதான் பிடித்த பகுதி. கல்கிசை, தெகிவளைப் பக்கத்துப் பழைய கடற்கரை வளவுகளில் நிற்கும் செடிகளைப் பாருங்கள். அலரி (சிங்களத்தில் அரலியா), போகன்விலா, தென்னை, பூவரசு, தாழை. கோயிலிலும் விகாரையிலும் பூவாக வைக்கிற அலரி மத்திய அமெரிக்காப் பக்கத்தது. மதில் நிறையப் பூக்கும் போகன்விலா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கப்பலில் வந்து இறங்கியவை இப்போது நம்முடையவையாகவே நிற்கின்றன. பூவரசும் தாழையும் உப்புக் காற்றுக்குப் பழகியவை, அவை யாரும் கொண்டுவராமலே கரையில் நின்றவை. பிள்ளைகள் ஒவ்வொரு செடிக்கும் எந்த நாடு, யார் கொண்டுவந்தது என்று எழுதிப் பார்த்தால், கோப்பியும் இந்தப் பட்டியலில் ஒரு செடிதான் என்று தானாகவே விளங்கும். எதியோப்பியாவில் பிறந்து, அரபு நாடு வழியாக உலகம் சுற்றிய செடி.

இதற்கு ரயில் பாதையே உதவி செய்கிறது. கோட்டையில் ஏறும் பாடசாலைகள் கொம்பனித்தெரு நிலையத்தைத் தாண்டும்போது, அந்தப் பகுதியில் கியூ வீதி என்று ஒரு தெரு இருப்பதைச் சொல்லுங்கள். லண்டன் கியூ பூங்காவின் பெயர் அது. மெயிட்லண்ட் ஆளுநராக இருந்த 1810இல் அங்கே ஒரு தாவரத் தோட்டம் போட்டார்கள். அது பிறகு களுத்துறைக்குப் போய், 1821இல் பேராதனைக்குப் போனது. பேராதனைப் பூங்காவில் மூங்கிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்த பிள்ளைக்கு, அந்தப் பூங்காவின் பயணம் கொழும்பில் ஒரு தெருவில் ஆரம்பித்தது என்பது புதினமாக இருக்கும். 1821 என்பது பார்ன்ஸ் பதில் ஆளுநராக இருந்த காலம் என்பதையும் கவனித்திருப்பீர்கள். எந்தச் செடி இந்த மண்ணில் வரும், எது காசு தரும் என்று பார்ப்பதும் அப்படிப்பட்ட பூங்காக்களின் வேலைதான்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை வலது பக்க யன்னலில் கடல். முழு வழியும் பாடம் நடத்த வேண்டாம், கொஞ்ச நேரம் பிள்ளைகளைக் கடலைப் பார்க்க விடுங்கள். இந்தக் கரையோரப் பாதை கல்கிசை வழியாக மொறட்டுவைக்குப் போனது 1877இல். மாளிகை ஹோட்டலானதையும் அந்த ரயிலோடு சேர்த்தே சொல்வார்கள். அதற்குள் மலையில் கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869இல் மடுல்சீமையில் இலைத்துரு நோயைக் கண்டார்கள், பதினைந்து இருபது ஆண்டுக்குள் எல்லாம் முடிந்தது. தேயிலை ஏறியது. கோப்பியைத் தொடக்கிவைத்தவரின் வீட்டில் பயணிகள் வந்து தங்கத் தொடங்கிய அதே காலத்தில், கோப்பிக்கு வந்தவர்கள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக ரயில் வரவில்லை.

சரி, நடைமுறை. வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம், பாடத்திட்டம் முடிக்க வேண்டிய அவசரம் எல்லாம் எனக்கும் தெரியும். அரை நாள் என்பதால்தான் கேட்கிறேன். அது ஹோட்டல் என்பதால் உள்ளே போகப் பாடசாலைக் கடிதத் தலைப்பில் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பயணம் வீணாகாது. மாளிகையின் வடிவம் வடிவாகத் தெரிவது கடற்கரையிலிருந்துதான், கடற்கரை எல்லோருக்கும் பொது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையிலிருந்து உள்ளே 300 மீற்றரையும் கடலுக்குள் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்று வரையறுத்திருக்கிறது, குடியியல் பாட ஆசிரியருக்கு இது உதவும். புவியியல் ஆசிரியருக்கும் வேலை இருக்கிறது: 2020இல் இந்தக் கரையில் கடலடி மணலை இறைத்துக் கொட்டினார்கள், தென்மேல் பருவக்காற்று வந்து பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போனது.

மே முதல் செப்டெம்பர் வரை கடல் பொல்லாதது, அந்த மாதங்களில் வேண்டாம். முதலாந் தவணையில், தை மாசி மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். விளையாட்டுப் போட்டிப் பயிற்சியோடு மோதும் என்று தெரியும், ஒரு காலைப்பொழுதை எப்படியாவது ஒதுக்குங்கள். எந்த மாதமானாலும் யாரையும் கடலில் இறங்க விடாதீர்கள். கடற்கரைக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டியிருக்கும், காதில் ஏதாவது மாட்டியிருக்கும் பெரிய வகுப்புப் பையன்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பத்து மணிக்குப் பிறகு மணல் சுடும், தொப்பி கட்டாயம். காலை அலுவலகக் கூட்டம் கோட்டைப் பக்கம் போகும் நேரத்தில் கல்கிசைப் பக்கம் போகும் பெட்டிகளில் இடம் இருக்கும். திரும்பும்போது பதினொன்றரைக்குள் ஏறிவிட்டால் சாப்பாட்டுக்குப் பாடசாலைக்கே வந்துவிடலாம்.

தவணைத் திட்டம் போடும் முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள். சுண்ணாம்பால் கோடு கீறும் பாடத்தை மட்டும் முதலில் செய்து பார்க்க விரும்பினாலும் சரி, அதற்குச் செலவே இல்லை. போக முடிவெடுத்தால் பெற்றோரில் இரண்டு மூன்று பேரைத் துணைக்குக் கேளுங்கள். தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முதல் ஆளாக வருவேன்.

இப்படிக்கு,
எட்டாம் தரப் பிள்ளை ஒன்றின் தகப்பன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.